ஆன் டூட்டி

கணக்குப்படி பார்த்தால் ருக்மணி இந்நேரம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். காலையில் அவள் கார்டை யாரோ மிஷினில் காட்டிவிட்டார்கள், மிஷினும் நம்பிவிட்டது. உடம்பு மட்டும்தான் இங்கே, கோர்ட்டு வராந்தாவின் சிமெண்டுப் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. இதற்கு ஆன் டூட்டி என்று பேராம். லீவு வேறு, ஆன் டூட்டி வேறு என்று எச்.ஆர். தம்பி கோகுல்நாத் நேற்றே விளக்கிவிட்டான். லீவு என்றால் நாள் உங்களுடையது, சம்பளம் கிடையாது. ஆன் டூட்டி என்றால் சம்பளம் உண்டு, நாள் கம்பெனியுடையது. எங்கே இருந்தாலும் நீங்கள் கம்பெனி வேலையாகத்தான் இருக்கிறீர்கள். அப்படியானால் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் கம்பெனி வேலை. எதிர்ச்சுவரில் சுண்ணாம்பு பொரிந்து கிடப்பதைப் பார்ப்பதும் கம்பெனி வேலை. கண் பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. போகிற வக்கீலின் கறுப்புக் கோட்டில் கைப்பட்டிக்குக் கீழே தையல் விட்டிருந்தது. தைத்துச் சரிசெய்ய ஆல்டர் பக்கம் தள்ளு. போலீஸ்காரர் சட்டையில் காலர் கோணல், ஆல்டர். பச்சைக் குழந்தையோடு தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் துப்பட்டாவில் எண்ணெய்க் கறை, ரிஜெக்ட். பாவம், அதை ரிஜெக்ட் செய்து என்ன ஆகப்போகிறது. கண்ணை நிறுத்த முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் துணியைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களைப் பார்த்தாலும் ஓட்டை எங்கே, பிசிறு எங்கே என்றுதான் போகிறது. முந்தைய வாய்தாக்களுக்கெல்லாம் இப்படி இல்லை. சம்மனைக் கொண்டுபோய்க் காட்டினால், கோர்ட்டுக்குப் போறது உங்க சொந்த வேலைங்க்கா, கம்பெனிக்கும் அதுக்கும் என்ன, என்று இதே கோகுல்நாத் சொன்னான். சம்பளத்தை விட்டு, பஸ் பிடித்து, பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்தால் ஒரு தடவை வக்கீல் வரவில்லை, ஒரு தடவை நீதிபதி லீவு. அவர்களுக்கு லீவு கிடைக்கிறது பாரேன் என்று அன்றைக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தடவை போகாமல் இருந்துவிட்டாள். வாரண்டு என்று சொல்லிக்கொண்டு போலீஸ்காரர் கம்பெனி கேட்டுக்கே வந்து நின்றார். நூறு தையல்காரிகள் மிஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். இந்தத் தடவை மேனேஜர் தாமோதரனே கூப்பிட்டு, உட்காருங்க ருக்மணி என்றார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். லீவு எதுக்கு, ஆன் டூட்டி போட்டுக்கலாம், நம்ம கார்லயே போயிட்டு வாங்க என்றார். அப்புறம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க என்றார்.

அந்த ஒரே கேள்வி, போர்டு. சரக்கு லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் அன்றைக்குப் போர்டு இருந்ததா இல்லையா. அவ்வளவுதான். கூட வேலை பார்த்த சாந்தாமணி ரெண்டு வருஷத்துக்கு முன்னால் செத்தது எல்லாருக்கும் தெரியும், லிஃப்டில் செத்தது எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி யாருக்கும் சண்டையில்லை. போர்டு இருந்தது என்றால், ஏறாதே என்று எழுதி வைத்தும் ஏறிய சாந்தாமணி தப்பு. இல்லை என்றால் மேனேஜர் தப்பு. ஒரு உயிர் போனது கடைசியில் ஒரு தகரப் பலகையில் வந்து நிற்கிறது. ருக்மணிக்கு அந்தப் போர்டு நன்றாகத் தெரியும். வெள்ளைத் தகரம், சிவப்பு எழுத்து, சரக்குக்கு மட்டும், ஆட்கள் ஏறக் கூடாது, நாலு மூலையிலும் ஸ்க்ரூ, கீழ் வலது மூலை ஸ்க்ரூ மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கண்ணை மூடினால் அட்சரம் பிசகாமல் தெரிகிறது. தெரிவதுதான் தொந்தரவு. ரெண்டு வருஷமாக நாளுக்கு நாலு தடவை அதைத் தாண்டிப் போகிறாள். அதனால் அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்த்தாலும் போர்டு வந்து நின்றுகொள்கிறது. சாந்தாமணி முன்னால் போகிறாள், ருக்மணி பின்னால், நடுவில் பெரிய பண்டல், ஆளுக்கொரு முனை, இரும்பு வலைக்கூண்டு திறந்திருக்கிறது, பக்கத்தில் போர்டு. இல்லை, அப்போது இருந்ததா? அழித்துப் பார்க்கிறாள். சாந்தாமணி முன்னால் போகிறாள், பண்டல், கூண்டு, சுவர். சுவரை மட்டும் வை, பச்சைப் பெயிண்ட் மங்கின சுவர், அதை மட்டும் வை. வைத்த நிமிஷமே போர்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது, சாய்ந்த ஸ்க்ரூவோடு. அந்தச் சாவுக்கு மறுநாள் கம்பெனி எல்லாருக்கும் லீவு விட்டது, சம்பளத்தோடு. கம்பெனி தானாக மனசு வந்து விட்ட லீவு அந்த ஒன்றுதான். திரும்பி வந்தபோது மாடிப்படியில் அடைத்துக் கிடந்த அட்டைப் பெட்டிகளைக் காணோம், படி கழுவி விட்டிருந்தது, லிஃப்டுக்குப் பூட்டு, சுவரில் போர்டு. அன்றைக்கு அவள் போர்டைப் பார்த்து என்ன நினைத்தாள்? புதுசு என்று நினைத்தாளா, ஓ, இது இருக்கிறதல்லவா என்று நினைத்தாளா? ஒன்றும் நினைக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குள்ளே நினைக்கிற ஆள் யாரும் இல்லை. வந்தாள், துணியைப் பார்த்தாள், போனாள். அதற்கப்புறமும் அப்படித்தான். வலது கை விரல் நுனிகள் அன்றோடு மரத்தவைதான், துணியில் முடிச்சு இருந்தால் இடது கையால் தடவித்தான் கண்டுபிடிக்கிறாள். டாக்டர் நரம்பு என்றார். அந்தக் கையில்தான் பண்டலின் முனை இருந்தது. யாரும் இயக்காமல் கூண்டு தானாக மேலே நகர்ந்தபோது பண்டல் அந்தக் கையிலிருந்துதான் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்கு மேல் அவள் நினைப்பதில்லை. அந்த இடம் வந்ததும் மனசு தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அங்கே சாந்தாமணியின் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் மட்டும் சுத்தமாக, தூங்குகிற மாதிரி, நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டுகூட இல்லை. எங்கேயோ விழுந்திருக்கும். தலைமாட்டில் நின்ற கிழவி ஒருத்தி, பொண்ணாப் பொறந்தவ இப்படி மொட்டை நெத்தியோடவா போவா என்று அழுதுகொண்டே பெரிய குங்குமமாக வைத்துவிட்டாள். சாந்தாமணி அவ்வளவு பெரிசாக வைக்க மாட்டாள். ஸ்டிக்கர் பொட்டுதான், மெரூன், மிளகு அளவு.

"ஏனுங்க்கா, டீ சொல்லட்டுங்ளா?"

கோகுல்நாத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சின்ன வயசு, நல்ல சட்டை, நல்ல வாசனை. அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. யார்மேலும் வரவில்லை என்பதுதான் நிஜம். வந்தால்கூட நன்றாக இருக்கும்.

"வேண்டாந் தம்பி."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? பயப்படாதீங்க்கா. அரசாங்க வக்கீல் கேப்பாரு, போர்டு இருந்துச்சுங்களான்னு. இருந்துச்சுங்கன்னு சொன்னா முடிஞ்சுது. அப்பறம் நம்ம வக்கீல் ஒண்ணுரெண்டு கேப்பாரு, அதுக்கும் ஆமாங்க."

"இருந்துச்சா தம்பி?"

அவன் சிரித்தான். "என்றகிட்டக் கேக்கறீங்ளே. நான் அப்ப ஆபீஸ் ரூம்ல இருந்தனுங்க. நீங்கதான அந்தப் பக்கமா போய்ட்டு வந்துட்டு இருந்தீங்க. ஊசி முனை ஓட்டையக்கூட விட மாட்டீங்க, அத்தாப்பெரிய போர்டு உங்க கண்ணுல படாமப் போயிருக்குமா? படலைன்னு சொன்னீங்கன்னா அப்பறம் செக்கிங்ல எப்பிடி உங்கள வெக்கறதுங்க்கா?"

கடைசி வாக்கியத்தை விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவள் தோளைத் தொடாமல் தொடுகிற மாதிரி தட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் போனான். ருக்மணிக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அவள் கண் மங்கிக்கொண்டு வருவது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். சாயங்கால வெளிச்சத்தில் வெளிர்மஞ்சள் கறை அவளுக்குத் தெரிவதில்லை, பக்கத்து டேபிள் பெண் நைசாக எடுத்து ஆல்டர் பக்கம் போட்டுவிடுகிறாள். வேறெந்தக் கம்பெனியிலும் கண்ணாடி போட்ட செக்கிங்காரியைப் புதுசாக எடுக்க மாட்டார்கள். மேனேஜருக்கும் தெரியும், தெரிந்தே வைத்திருக்கிறார். அவர் கெட்டவரில்லை, அது வேறு உறுத்துகிறது. கால் வீங்கிக் கிடந்த மாசம் ஸ்டூல் போட்டுக்கொடுக்கச் சொன்னவர் அவர்தான். இப்போது தூணோரம் வக்கீலோடு நின்றுகொண்டிருக்கிறார், வெள்ளைச் சட்டை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கம்பெனியில் அப்படி நின்றால் அத்தனை மிஷினும் வேகம் பிடிக்கும். இங்கே அந்த நிற்கிற விதமே பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தி வைத்த பையனுடையதாக இருக்கிறது. ஒருமுறை அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அவள் பையைப் பார்த்தாள். பையில் தயிர்சாதமும் சம்மனும் கண்ணாடிக் கூடும் இருந்தன, கூட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். தப்பு இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுகிற அம்பு. எங்கே போனாலும் ஒன்றிரண்டு கூடவே வந்துவிடும், புடவை முந்தியில், முழங்கையில், சோற்றுப் போசியில். சாந்தாமணி ஒருநாள் சூப்பர்வைசர் முதுகில் அந்த அம்பை ஒட்டிவிட்டு, பீஸ் ரிஜெக்ட்டுடி என்று காதில் சொன்னாள். அந்த ஆள் அன்றைக்கு முழுக்க அம்போடு திரிந்தான். அதை நினைத்தால் இப்போதும் உள்ளே ஏதோ ஒன்று சிரிப்பதற்கு எழுந்து, சிரிக்காமல் உட்கார்ந்துவிடுகிறது. இருந்தது என்று சொல்லிவிட்டால் என்ன? சாந்தாமணி வந்து கேட்கப்போகிறாளா? பொய்யும் இல்லையே, கண்ணை மூடினால் போர்டு தெரிகிறதே. தெரிவதைச் சொன்னால் பொய்யா? ஸ்க்ரூகூடச் சாய்ந்திருந்ததுங்க என்று சொல்லலாம், அவ்வளவு சரியாகத் தெரிகிறது. யாருக்குத் தெரியும், நிஜமாகவே இருந்திருக்கலாம், தாங்கள் ரெண்டு பேரும் பேச்சு சுவாரசியத்தில் கவனிக்காமல் ஏறியிருக்கலாம். எல்லாரும் ஏறினார்கள். படியில் பெட்டி, வேறு எப்படி மேலே போவது? படியில் பெட்டி இருந்ததுங்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதற்குக் கேள்வி இல்லை. கேள்வி போர்டுக்குத்தான்.

டவாலி வாசலுக்கு வந்து யாரோ ஒருத்தர் பேரை மூன்று தடவை கூப்பிட்டார். வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, பெரிய குரல். மூன்றாவது கூப்பாட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். ஆள் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாலும் இல்லைதான். கம்பெனியில் அவள் இல்லை, ஆனால் இருக்கிறாள். இங்கே இருக்கிறாள், ஆனால் வாயைத் திறக்காவிட்டால் இல்லை. மூன்று தடவையும் பேசாமல் உட்கார்ந்துவிட்டால்? மறுபடி வாரண்டு, மறுபடி போலீஸ், மறுபடி நூறு பேர் பார்ப்பார்கள். அவள் இப்படிச் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் மேகலா வந்தாள். சாந்தாமணியின் மகள். அப்பன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாத பிள்ளை, சித்தி வீட்டில் இருந்துகொண்டு ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிறாள். கடை யூனிஃபாரம் சேலையோடேயே வந்திருந்தாள். அம்மாவின் அதே நெற்றி, அதே அளவு பொட்டு. ருக்மணிக்கு முதலில் கண்ணில் பட்டது பொட்டுதான், அப்புறம்தான் பிள்ளை.

"பெரியம்மா, உங்களக் கூப்ட்டாங்ளா?"

"இன்னும் இல்ல கண்ணு. லீவு குடுத்தாங்ளா உனக்கு?"

"எங்க குடுக்கறாங்க. கோர்ட்டுன்னு சொன்னா கடைக்குக் கெட்ட பேரு வந்துருமாம். வயித்து வலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். மத்தியானத்துக்குள்ள போயிரோணும். உங்களுக்கு?"

"குடுத்தாங்க," என்றாள் ருக்மணி. ஆன் டூட்டி என்கிற வார்த்தை வாய்க்கு வரவில்லை.

மேகலா பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலைக் கொசுவத்தை நீவி நீவி விட்டாள், கடையில் வாடிக்கைக்காரருக்கு நீவிக் காட்டுகிற அதே கை. வராந்தாவுக்கு வெளியே புங்கமரத்தடியில் யாரோ மனு தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியம்மா, எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியும். எட்டாவது வரைக்கும் படிச்சிருக்குது. பஸ் போர்டெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டும்."

"தெரியுங் கண்ணு."

"அப்பறம் அவ்ளோ பெருசா எழுதிப் போட்டிருந்தும் எதுக்குப் பெரியம்மா ஏறுச்சு?"

கோபமாகத்தான் கேட்டாள். அழுகை இல்லை. செத்துப்போன அம்மாமேல் ரெண்டு வருஷமாக வைத்திருக்கிற கோபம், நல்ல கெட்டியான கோபம், இப்போதுதான் வெளியே எடுத்துக் காட்டுகிறாள். "கோயமுத்தூர் அத்தையெல்லாம் சொல்றாங்க, போர்டு இருக்கறதப் பாத்துட்டேதான் ஏறியிருக்கா, கொழுப்புன்னு. என்னைய ஒரு நிமிசம் நெனச்சிருந்தா ஏறியிருக்குமா? படி ஏறுனா காலா தேஞ்சுரும்?" ருக்மணி வாயைத் திறந்தாள். படியில் பெட்டி கண்ணு, படியில் பெட்டி அடைச்சிருந்துச்சு என்று சொல்லத்தான் திறந்தாள். தூணோரம் மேனேஜர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். டீ டம்ளரோடு கோகுல்நாத் வந்துகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு, "பாத்ரூம் போய்ட்டு வந்தறேன்" என்று எழுந்தாள். தப்பித்து ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பெண்கள் கழிப்பறை வராந்தாவின் கடைசியில் இருந்தது, எல்லாக் கோர்ட்டிலும் இருக்கிற மாதிரி, எதற்காக இருக்கிறது என்று அதற்கே தெரியாத மாதிரி. தாழ்ப்பாள் இல்லை, கயிறு கட்டியிருந்தார்கள். மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கயிற்றைச் சுற்றினாள். அழுதுவிடலாம் என்றுதான் வந்தாள். அழுகை வரவில்லை. ரெண்டு வருஷமாக வராதது இன்றைக்கு மட்டும் ஆன் டூட்டியில் வந்துவிடுமா. கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு நிறையப் பொட்டு. கண் உயரத்துக்கு, முகம் உயரத்துக்கு, யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள். மெரூன், கறுப்பு, பச்சை, கல் வைத்தது, கல் உதிர்ந்தது, பாம்பு மாதிரி நீளமானது, சாயம் போய் வெறும் பசை வட்டமாக நிற்பது. எத்தனை பெண்பிள்ளைகள் இந்தக் கதவுக்குப் பின்னால் நின்று முகம் கழுவப் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டு, அப்புறம் மறந்து, வாசலில் யாரோ பேரைக் கூப்பிட ஓடிப் போயிருக்கிறார்கள். கண் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனது. மெரூன், மிளகு அளவு. கண் அங்கே நின்றது. சாந்தாமணி பொட்டு. அவளும் இப்படித்தான் ஒட்டுவாள். எங்கே ஒட்டுவாள்? வீட்டில் பீரோக் கண்ணாடியில். கம்பெனியில்? கம்பெனியில் எங்கே ஒட்டுவாள்? மேலே பேக்கிங் மாடியில் பொட்டு வைத்துக்கொண்டு நுழையக் கூடாது. வெளிநாட்டுக்குப் போன வெள்ளை டீ-ஷர்ட்டுக்குள் ஒரு பொட்டு கிடந்து, அங்கேயிருந்து கம்ப்ளெயிண்ட் வந்து, அன்றையிலிருந்து சட்டம். பொட்டு விழக் கூடாது, ஹேர்பின் விழக் கூடாது. அதில் கம்பெனி ரொம்பக் கறார். செக்கிங்கிலிருந்து பண்டல் கொண்டு போகிறவர்கள் யாரானாலும் எடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ருக்மணிக்குச் சாந்துப் பொட்டு, அவளுக்கு அந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் செல்போன் முதுகில் ஒட்டிக்கொள்வார்கள். சாந்தாமணியிடம் அன்றைக்குப் போன் இல்லை, மகளுக்குக் கொடுத்திருந்தாள். சாந்தாமணி முன்னால் போகிறாள். பண்டல், ஆளுக்கொரு முனை. கூண்டு திறந்திருக்கிறது. இருடீ என்கிறாள். பண்டலைத் தொடைமேல் முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஒரு கையை விட்டு, நெற்றியிலிருந்து நகத்தால் எடுக்கிறாள். பக்கத்துச் சுவரில், பச்சைச் சுவரில், முகத்துக்கு நேராக வைத்துப் பெருவிரலால் அழுத்துகிறாள். ரெண்டு தட்டு தட்டுகிறாள், விழுந்துவிடக் கூடாதென்று. "எறங்கி வர்றப்ப எடுத்துக்கறேன். மறந்துட்டா ஞாபகப்படுத்து ருக்கு," என்கிறாள்.

ஞாபகப்படுத்து.

ருக்மணி கதவைப் பிடித்துக்கொண்டாள். சுவர் தெரிந்தது. போர்டு வரவில்லை. போர்டு வர இடமில்லை, பெருவிரல் அங்கே இருந்தது, பொட்டு அங்கே இருந்தது, முகத்துக்கு நேராக, இப்போது சரக்குக்கு மட்டும் என்று எழுதியிருக்கிற அதே இடத்தில். ஆஸ்பத்திரியில் நெற்றி வெறுமையாக இருந்தது எங்கேயும் விழுந்ததால் இல்லை. சாந்தாமணி பத்திரமாக வைத்துவிட்டுத்தான் போனாள். யாரும் எடுக்கவில்லை. எடுக்க நேரம் ஏது, மறுநாள் எல்லாருக்கும் லீவு, அந்த லீவில் எவனோ சுவரைக்கூடத் துடைக்காமல் அதன்மேலேயே பலகையை வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்கிவிட்டான். ரெண்டு வருஷமாக நாளுக்கு நாலு தடவை ருக்மணி அதைத் தாண்டிப் போயிருக்கிறாள். உள்ளே அது ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. கதவில் இருந்த மெரூன் பொட்டின்மேல் வலது கை விரலை வைத்தாள். விளிம்பு தட்டுப்பட்டது. மெல்லிசான விளிம்பு, மரத்த விரலுக்கே தட்டுப்பட்டது. அப்போதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது, நன்றாக, வயிறு கை காலெல்லாம் பயமாக. இவ்வளவு நாள் பயம்கூட இல்லாமல் இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது. வேலை போய்விடும். கண்ணாடி போட்ட செக்கிங்காரி. வீட்டில் புருஷன் என்ன சொல்வார். தெரியாமலே இருந்திருந்தால் இருந்தது என்று சொல்லிவிட்டுக் காரில் போயிருக்கலாம். ஏன்டி சாந்தா, இன்றைக்குத்தானா உனக்கு நேரம் கிடைத்தது என்று வாய்விட்டே சொன்னாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

வராந்தாவுக்கு வந்தபோது டவாலி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ருக்மணி!" குரல் தூணில் மோதித் திரும்பியது. மேகலா எழுந்து நின்று இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோகுல்நாத் ஓடி வந்தான்.

"எங்க போனீங்க்கா? கூப்புடறாங்க பாருங்க. ஞாபகமிருக்குதுல்ல? ஆமாங்க, இருந்துச்சுங்க, அவ்ளோதான்."

"ருக்மணி!"

அவள் கண்ணாடிக் கூட்டைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். இதற்கு முன் அவள் கம்பெனி ஆள் யார் முன்னாலும் அதைப் போட்டுக்கொண்டதில்லை. "தம்பி, இன்னைக்கு எனக்கு லீவுன்னு போட்டுக்குங்க," என்றாள்.

"என்னதுங்க்கா?"

"ஆன் டூட்டி வேண்டாம். லீவு போட்டுருங்க. சம்பளம் புடிச்சுக்குங்க."

"இப்ப எதுக்குங்க்கா அதெல்லாம்?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. மேனேஜருக்குப் புரிந்திருக்க வேண்டும். தூணைவிட்டு ஓரடி முன்னால் வந்தவர், வக்கீல் கையைப் பிடிக்க, நின்றுவிட்டார்.

"ருக்மணி!" என்று மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூண்டு என்றுதான் இதற்கும் பேர், சாட்சிக் கூண்டு. ஏறும்போது கால் ஒரு தரம் பின்வாங்கியது. நீதிபதி நடுவயசு அம்மாள், சளி பிடித்திருந்தது போல, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். உண்மையைத் தவிர வேறு சொல்ல மாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். அரசாங்க வக்கீல் பேர் கேட்டார், வேலை கேட்டார், சாந்தாமணியைத் தெரியுமா என்று கேட்டார். குரலில் அவசரமும் இல்லை, ஆசையும் இல்லை. அப்புறம் அந்த ஒரே கேள்வி வந்தது. சம்பவம் நடந்தபோது லிஃப்டுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை ஏதும் இருந்ததா?

"இல்லீங்க."

வக்கீல் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இல்லீங்க. அந்த எடத்துல அவ பொட்டுத்தான் இருந்துச்சுங்க. பேக்கிங்குக்குப் பொட்டோட போகக் கூடாதுங்க, அதனால எடுத்துச் செவுத்துல ஒட்டுனா, முகத்துக்கு நேரா. எறங்கி வர்றப்ப எடுத்துக்கறேன்னு சொன்னா. அது மேலதாங்க போர்டு வெச்சிருக்கறாங்க. கழட்டிப் பாத்தா இப்பவும் இருக்கும்."

பின்னால் பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. கம்பெனி வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார், நீதிபதி கையைக் காட்டி உட்கார வைத்தார். உங்க முறை வரும் சார் என்றார். வரும், அது அவளுக்கும் தெரியும், கிழித்துத் தொங்கவிடுவார்கள், கண் தெரியாதவள் என்பார்கள். வரட்டும். நீதிபதி தட்டச்சுப் பக்கம் சாய்ந்து நிதானமாகச் சொன்னார்: "சம்பவ இடத்தில், சம்பவம் நடந்த சமயத்தில், எச்சரிக்கைப் பலகை ஏதும் இல்லை." தட்டச்சுப் பெண் தட்டினாள். தட்டி முடித்து, அடுத்ததற்குக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அரசாங்க வக்கீலும் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டிவிட்டார்.

ருக்மணி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பொட்டு?"

"என்னம்மா?"

"பொட்டு இருந்துச்சுன்னும் போடுங்கம்மா. ஞாபகப்படுத்தச் சொன்னா." ரெண்டு வருஷத்து அழுகையும் அப்போதுதான் வழி கண்டுபிடித்து வந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. நீதிபதி கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, தட்டச்சுப் பெண்ணிடம், "அதையும் போட்டுக்கம்மா," என்றார்.